விரல் அறியும் வீரன்: நடுகற்களும் பார்வையற்றோர்க்கான அருங்காட்சியகமும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை செல்லும் சாலையில் அமைந்த மத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும், வடக்கே பர்கூர் முதல் மேற்கே ஓசூர் வரை விரிந்து கன்னட நாட்டைத் தொடும் எல்லைப் பகுதியிலும், ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ புளியமரத்தடியிலோ நடுகல் ஒன்றைக் காண்பது அரிதன்று. ஆநிரை கவரும் பூசலிலோ, கவரப்பட்ட ஆநிரையை மீட்கும் போரிலோ, ஊருக்குள் புகுந்த புலியோடும் பன்றியோடும் பொருதோ உயிர்நீத்த வீரனின் உருவத்தைக் கற்பலகையில் செதுக்கி, அவன் பெயரையும் செயலையும் பொறித்து, ஊரார் நட்டு வழிபட்ட நினைவுக்கல்லே நடுகல் எனப்படும். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்திப் பாடுவது வரையிலான இச்சடங்கைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விசயநகரர் என மாறி மாறி வந்த ஆட்சிகள் அனைத்திலும் இவ்வட்டாரத்தில் நடுகற்கள் எழுப்பப்பட்டன. அவற்றுள் சில கிருஷ்ணகிரியில் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்திலும், தருமபுரியில் உள்ள அகழ்வைப்பகத்திலும் வைத்துக் காக்கப்படுகின்றன.

அருங்காட்சியகங்களையும் கலைப்பொருள்களையும் பார்வையற்றோரும் பிற மாற்றுத்திறனாளிகளும் நுகரத்தக்கவையாக்குதல் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது பெருநகரங்களுக்கும் பெருஞ்செலவுக்கும் உரிய செய்தி என்றும், வெளிநாட்டுக் கருவிகள் வந்தாலன்றி இயலாது என்றும் ஒரு தயக்கம் குறுக்கிடுகிறது. இந்தத் தயக்கத்திற்கு இவ்வட்டாரத்தில் இடமே இல்லை என்பதே இச்சொற்பொழிவின் கருத்து. தொட்டறிதற்கு மிகவும் ஏற்ற கலைவடிவம் இங்கே ஊர்தோறும் இருக்கிறது. அதைப் படியெடுத்துச் செதுக்கவல்ல கைகளும் இயந்திரங்களும் இங்கேயே இருக்கின்றன. இவை இரண்டையும் இணைக்கும் முயற்சி மட்டுமே இன்னும் தேவைப்படுகிறது.

நடுகல் புடைப்புச் சிற்ப வகையைச் சேர்ந்தது. பின்புலக் கல்லிலிருந்து உருவம் சற்றே மேலெழுந்து நிற்குமாறு, சுற்றியுள்ள பகுதியைக் கொத்தி அகற்றிச் செய்யப்படுவதே புடைப்புச் சிற்பம். ஓவியத்தில் கோடு கண்ணுக்கு மட்டுமே புலனாவது. புடைப்புச் சிற்பத்திலோ கோடு என்பதே ஒரு விளிம்பு, விரல் ஏறி இறங்கும் ஒரு மேடு. இப்பகுதியின் தொன்மையான நடுகல் ஒன்றின் முன் பார்வையற்ற ஒருவரை அமரச்செய்து, அவருடைய கைகளைக் கல்லின் அடிப்பகுதியில் வைத்தால், முதலில் வீரனின் பாதங்கள் தட்டுப்படும். அவற்றை அடுத்து, நீர் வார்க்கும் மூக்குடைய கெண்டியும் சிறு சிமிழும் கைக்கு அகப்படும். இறந்த வீரனுக்குப் படைத்தவற்றின் அடையாளங்களாக ஆய்வாளர்களால் கருதப்படும் இவை, நின்று பார்ப்போரின் கண் முகத்தையும் ஆயுதத்தையும் நோக்கியே முதலில் ஓடுவதால், பெரும்பாலும் கடைசியில்தான் கவனிக்கப்படுகின்றன. பல வேளைகளில் கவனிக்கப்படாமலே போகின்றன. கீழிருந்து மேலே செல்லும் கைக்கு அந்த அவசரம் இல்லை. கழல் அணிந்த கால், முன்னோக்கி மடங்கிய முழங்கால், இடைக்கச்சில் செருகிய குறுவாள், ஒரு கையில் வில், மறு கையில் ஓங்கிய வாள் என ஏறும் விரல்கள், மார்பிலும் தொடையிலும் சாய்வாகக் குத்தி நிற்கும் மெல்லிய தண்டுகளைத் தொடும்போது நின்றுவிடும். அவை பகைவரின் அம்புகள். அவ்வம்புகள் வந்த திசையை விரல் தண்டின் சாய்வைக் கொண்டே அறிந்துகொள்ளும்.

எல்லைப் பகுதியில் பிற்காலத்தில் பெருகிய மூன்றடுக்கு நடுகற்கள் இவ்வகையில் இன்னும் வளமானவை. கல்லைக் குறுக்காகப் பிரிக்கும் பட்டைகளால் மூன்று தளங்கள் அமைக்கப்பட்டு, அடித்தளத்தில் போரும், நடுத்தளத்தில் வீரனைத் தேவமகளிர் இருபுறமும் தாங்கி மேலுலகம் அழைத்துச் செல்வதும், மேல்தளத்தில் சிவலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பதும் செதுக்கப்பட்டிருக்கும். கதை கீழிருந்து மேலாக நகர்கிறது. தொட்டறியும் கையும் அவ்வாறே நகரலாம். ஒரு பட்டையைக் கடந்தவுடன் ஓர் உலகம் முடிந்து மற்றோர் உலகம் தொடங்குகிறது என்பதை விளக்க, உடனிருப்பவர் ஓரிரு சொற்கள் சொன்னால் போதுமானது.

கண்ணை மட்டுமே நம்பி நடுகல்லை முழுமையாக அறிய முடியாது என்பதைக் கல்வெட்டாய்வின் நடைமுறையே காட்டுகிறது. உச்சி வெயிலிலும் கூடத்து விளக்கின் நேரொளியிலும் ஆழம் குறைந்த புடைப்பு தட்டையாகிவிடும் என்பதால், பக்கவாட்டு ஒளி விழும் காலையிலோ மாலையிலோதான் ஆய்வாளர் அதைப் படம்பிடிக்கின்றனர். தேய்ந்துபோன வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்தைப் படிக்க இயலாதபோது அவர்கள் விரலால் பள்ளத்தைத் தடவிப் பார்ப்பதும் வழக்கமே. எழுத்தைப் பதிவுசெய்யும் மசிப்படி முறையோ தொடுதலையே அடிப்படையாகக் கொண்டது. கல்லைத் தூரிகையால் கழுவித் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டவைத்து, ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திற்குள்ளும் தாள் இறங்குமாறு தூரிகையால் அடித்து, ஈரம் சற்று வற்றியதும் மசிப்பொதியால் ஒற்றி எடுப்பர்; மேற்பரப்பு கறுப்பாகவும் எழுத்துகள் வெள்ளையாகவும் தாளில் பதியும். உலர்ந்த அத்தாளின் பின்புறத்தைத் தடவினால் பள்ளங்களெல்லாம் மேடுகளாக எழுந்து நிற்பதை உணரலாம். கல்வெட்டுத் துறை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தன்னையறியாமலே தொட்டுணரத்தக்க படிகளைச் செய்துவந்திருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையின் எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆநிரை மீட்கும் பூசலில் வீழ்ந்த கருந்தேவகத்தி என்னும் வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் அவனுடைய நாயும் பெயர் சொல்லி நினைக்கப்பட்டிருப்பது அக்கல்லின் தனிச்சிறப்பு. வீரனின் பின்னால் அந்த நாயும் செதுக்கப்பட்டுள்ளது. பள்ளிப் பாடநூலில் இதன் நிழற்படத்தைக் கண்டிருக்கக்கூடிய மாணவருக்கும், அப்படத்தால் எப்பயனும் பெறாத பார்வையற்ற மாணவருக்கும் இடையே உள்ள தொலைவு, ஒரு முழ உயரப் படியொன்று வகுப்பறை மேசைமேல் வைக்கப்பட்டால் மறைந்துவிடும். நாயின் வாலும் காதும் எங்கே இருக்கின்றன என்று தேடும் சிறுவர் விரல்கள் வீரனின் கதைக்குள் அவ்வழியே நுழைந்துவிடும்.

தொட்டால் கெட்டுவிடும் என்பது காப்பாட்சியர்கள், அதாவது அருங்காட்சியகப் பொருள்களைக் காத்துப் பேணும் பொறுப்புடைய அலுவலர்கள், முன்வைக்கும் முதல் மறுப்பு. இம்மறுப்பில் உண்மை உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. தோலின் எண்ணெய்ப்பசையும் உப்பும் அமிலமும் செப்புத் திருமேனியின் மேற்பரப்பை அரிக்கும். சுவரோவியத்தின் நிறத்தை உதிர்க்கும். துணி, ஓலைச்சுவடி, வண்ணம் பூசிய மரச்சிற்பம் ஆகியவற்றைத் தொடவிடலாகாது. ஆனால் கருங்கல்லின் நிலை வேறு. ஆயிரம் ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்று, ஊராரின் எண்ணெயும் மஞ்சளும் நீரும் பெற்றுவந்த கல்லுக்கு, கை கழுவித் துடைத்துக்கொண்டு வழிகாட்டியின் துணையோடு தடவிப் பார்க்கும் சிலரால் நேரும் தேய்மானம் மிகக் குறைவு. அதுவும் அளந்து கண்காணிக்கத்தக்கது. நடுகற்களின் மேல் சுண்ணாம்பும் எனாமல் வண்ணமும் பூசுவதாலும், பழைய கோயில்களைத் தூய்மை செய்வதாகக் கருதி மணலைப் பீய்ச்சி அடித்ததாலும் கல்லெழுத்துகள் இழந்தவற்றோடு ஒப்பிட்டால், பார்வையற்றவரின் விரலைக் குற்றவாளியாக்குவது நேர்மையாகாது. பொரிந்து உதிரும் நிலையிலுள்ள கல்லுக்குப் படி செய்யலாம். உறுதியான கல்லின் மூலத்தையே தொடவிட வேண்டும். பார்ப்பவர்க்கு மூலமும் பாராதவர்க்கு எப்போதும் படியும் என்று பிரிப்பது, எவ்வளவு நல்ல உள்ளத்தோடு செய்யப்பட்டாலும், ஒரு தாழ்வையே நிலைநிறுத்துகிறது.

தொடுதலின் இயல்பையும் ஓரளவு அறிந்திருத்தல் நலம். கண் முழுமையை முதலில் கண்டு பின்பு பகுதிகளுக்குச் செல்கிறது. கையோ பகுதிகளை ஒவ்வொன்றாகத் திரட்டி முழுமையை மனத்தில் கட்டியெழுப்புகிறது. ஆகவே கல்லின் உயரம், தளங்களின் எண்ணிக்கை, உருவம் திரும்பியிருக்கும் திசை ஆகியவற்றை முன்னதாகச் சொல்லி, பின்பு கையின் நகர்வோடு இணைந்து செல்லும் விளக்கம் தேவை. இவ்வாறு காட்சிப்பொருளைச் சொற்களால் உருவாக்கிக் காட்டும் உரையே ஒலி விவரிப்பு எனப்படுகிறது. அவ்வுரையில் 'வீரம் ததும்பும் தோற்றம்' என்பன போன்ற தொடர்களால் பயனில்லை. இடது கால் எந்தக் கோணத்தில் மடங்கியுள்ளது, வாளின் முனை தலைக்கு மேலா பின்னாலா என்பதே கேட்பவர்க்கு வேண்டும். நுண்மைக்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளியுள்ள இரு புள்ளிகளை விரல் நுனி தனித்தனியே பிரித்துணர்வது கடினம். பிரெய்ல் புள்ளிகள் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைவதன் காரணமும் இதுவே. எனவே பெரிய சிற்பத்தைக் கைக்கடக்கமான பொம்மையாகச் சுருக்கினால் அணிகலன்களும் முகமும் வெறும் சொரசொரப்பாகிவிடும். இவ்வகையில் பர்கூரை அடுத்த மல்லப்பாடிப் பாறை ஓவியம் நடுகல்லுக்கு நேர்மாறான சிக்கலைத் தருகிறது. குதிரை மீதமர்ந்து பொரும் வீரர்களை வெண்ணிறத்தில் காட்டும் அவ்வோவியத்தில் தொட்டறிய எதுவுமில்லை என்பதோடு, தொடுவதே அதற்குக் கேடாகும். அத்தகையவற்றின் புறக்கோடுகளைப் பெரிதாக்கி, எளிமைப்படுத்தி, மேடாக எழுப்பிய பலகைகளாக மாற்றித் தருவதே வழி.

உலக அளவில் இம்முயற்சியின் தொடக்கத்தை நோக்கினால், அது தலைநகரங்களில் தோன்றவில்லை என்பது இப்பகுதிக்கு ஊக்கம் தரும் செய்தியாகும். இங்கிலாந்தின் வடகிழக்கில், கப்பல் கட்டும் தொழிலாலும் நிலக்கரியாலும் வாழ்ந்த சண்டர்லாந்து நகரத்து அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் சார்ல்டன் டீஸ், பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்து அருங்காட்சியகப் பொருள்களைக் கையில் கொடுத்து விளக்கியதை 1913ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். இத்தாலியின் துறைமுக நகரமான அங்கோனாவில், சென்றவிடமெல்லாம் தொடாதீர்கள் என்று தடுக்கப்பட்ட ஆல்தோ கிராசினி, தானியேலா போத்தெகோனி என்னும் பார்வையற்ற தம்பதியரின் முயற்சியால் 1993இல் ஓமேரோ தொட்டுணர் அருங்காட்சியகம் உருவாயிற்று. 1999இல் அந்நாட்டரசு அதை அரசு அருங்காட்சியகமாக ஏற்றது. கிருஷ்ணகிரி அருங்காட்சியகமும் அங்கோனாவின் அருங்காட்சியகமும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்பது இங்கே நினைக்கத்தக்கது. மத்ரித் நகரின் பிராதோ அருங்காட்சியகம் 2015இல் புகழ்பெற்ற ஓவியங்களைப் புடைப்புப் படிகளாக்கி வைத்தது. அவ்வாண்டிலேயே புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 'அனுபவ்' என்னும் தொட்டுணர் கூடம் 22 படிகளோடு திறக்கப்பட்டது.

சட்டமும் இப்போது தெளிவாக இருக்கிறது. இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை உரிமையாகக் கூறுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கதாக்குவதையும், அவர்களின் வரலாற்று அனுபவங்களைப் பதிவுசெய்யும் அருங்காட்சியகம் அமைப்பதையும் அரசின் கடமைகளுள் சேர்த்துள்ளது. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதுரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் நெறிகளைக் கட்டாயமற்ற வழிகாட்டுதல்களாகவே விட்டுவைத்திருந்த விதி அச்சட்டத்திற்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். இவர்களின் வருகையை இனியும் ஓர் அருளாகக் கருதும் மனநிலையைக் கைவிட வேண்டும்.

பார்வையின்மைக்கும் படைப்புக்கும் பகையில்லை என்பதைத் தமிழ் மரபு நெடுங்காலமாக அறியும். அந்தகக்கவி வீரராகவ முதலியாரும், கண்ணில்லாதவரும் கால் வழங்காதவருமாகச் சேர்ந்து பாடிய இரட்டைப் புலவரும், பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் இலக்கிய வரலாற்றில் சிறப்பான இடம் பெற்றவர்கள். பெரியபுராணம் கூறும் தண்டியடிகள், பிறவியிலேயே பார்வையற்றவராயிருந்தும் திருவாரூர்க் குளத்தை ஆழப்படுத்த விரும்பி, குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கொட்டினார். அவர் பின்னர்ப் பார்வை பெற்றதையே புராணம் கொண்டாடுகிறது. எனினும் பார்வை பெறுவதற்கு முன்பே வேலை நடந்தது என்பதும், தமக்கு வேண்டிய வழியை அவரே வகுத்துக்கொண்டார் என்பதும் இன்றைய அருங்காட்சியகத்தார் ஆழ்ந்து நோக்க வேண்டியவை. இருபதாம் நூற்றாண்டில், 1957இல் பார்வையிழந்த பின்னரும் சாந்திநிகேதனத்தில் தாள் வெட்டியும் களிமண் பிசைந்தும் ஓடு பதித்தும் கலைப்பணி தொடர்ந்த வினோத் பிகாரி முகர்ஜியும் இவ்வரிசையில் வருபவரே.

பிரெய்ல் விளக்கப் பலகைகளைப் பொறுத்தவரை இவ்வெல்லைப் பகுதிக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. ஆறு புள்ளிகளின் சேர்க்கையால் அமையும் பிரெய்ல் முறையில், இந்திய மொழிகளுக்கென 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல், ஓர் ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஒரே புள்ளிக்கோவையைத் தருகிறது. ஓசூர்ச் சந்தையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன. பெயர்ப்பலகைகளிலோ அவை மூன்று வேறு எழுத்துகள். பிரெய்லில் அந்தச் சுவர் இல்லை. தமிழ் பிரெய்ல் அறிந்த ஒருவர் கன்னட வரியையும் ஓரளவு ஒலித்துப் படிக்க இயலும். கன்னடக் கல்வெட்டுடைய நடுகல்லின் வாசகத்தை மூலமொழியிலேயே பிரெய்லில் தந்து, அதன்கீழ்த் தமிழ் விளக்கம் தரலாம். ஆயினும் பார்வையற்றோர் அனைவரும் பிரெய்ல் அறிந்தவர் அல்லர். நீரிழிவாலும் முதுமையாலும் பிற்காலத்தில் பார்வை இழந்தோர்க்கும் குறைபார்வை உடையோர்க்கும் ஒலி விவரிப்பும், பெரிய எழுத்தும், கண்ணாடிப் பேழையில் கூசாத ஒளியுமே உதவும்.

ஏனைய ஏற்பாடுகளில் பலவும் பொறியியல் சார்ந்தவை. அவற்றுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. ஓர் அடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்னும் கணக்கிற்குக் குறையாத சாய்தளம், சக்கர நாற்காலியில் இருப்போர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பேழை, செவித்திறன் குறைந்தோர்க்கு இந்தியச் சைகை மொழியில் காணொளி, இரைச்சலும் கூட்டமும் தாங்காத பிள்ளைகளுக்கெனச் சில அமைதியான வேளைகள் ஆகியன இன்று எவரும் அறிந்தவையே. கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கும் மல்லச்சந்திரத்துக் கற்றிட்டைகள் என்னும் பழங்கால ஈமச்சின்னங்கள் நிற்கும் பாறைமேட்டுக்கும் ஏற இயலாதோர்க்கு, அவற்றின் முப்பரிமாண மாதிரிகளை அடிவாரத்திலேயே வைக்கலாம்.

படிகளை உருவாக்கும் ஆற்றலைத் தேடி இவ்வட்டாரம் வெளியே செல்ல வேண்டியதில்லை. கிரானைட் கல்லை வெட்டி, இழைத்து, மெருகேற்றும் பட்டறைகள் கிருஷ்ணகிரி மாவட்டமெங்கும் உள்ளன. கணினி வழிச் செதுக்கும் இயந்திரங்கள் ஓசூரின் சிறுதொழிற்கூடங்களில் நாள்தோறும் ஓடுகின்றன. நடுகல்லை ஒளிக்கதிரால் அளந்து எடுத்த வடிவத்தை அவ்வியந்திரம் அதே வகைக் கல்லில் முரட்டாகக் கொத்தித் தரும்; எஞ்சிய நுண்மையை உளி பிடிக்கும் சிற்பி முடிப்பார். நெகிழிப் படி மலிவானதாயினும் கல்லின் குளிர்ச்சியும் கனமும் சொரசொரப்பும் அதில் வாரா. தொட்டறிபவர்க்கு அவை பொருளின் பாதி உண்மை. ஓசூரின் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை தொடக்கக் காலம் முதலே மாற்றுத்திறனாளிகளைப் பணியில் அமர்த்திவந்திருப்பதால், அவர்களோடு இணைந்து உழைக்கும் பழக்கம் இத்தொழில் நகரத்திற்குப் புதிதன்று.

படி தேவைப்படாத பொருள்களும் உண்டு. பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்செல்வது கணிக்கப்பட்டு, 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பின்னர் வந்த சிவகளை அகழாய்வின் காலக்கணிப்புகள் அதனினும் பழமையானவை. இத்தகைய அகழாய்வுகளில் கிடைக்கும் கறுப்பு சிவப்புப் பானையோடுகளுள் ஆய்வும் பதிவும் முடிந்த சாதாரணத் துண்டுகளை அச்சமின்றிக் கையில் கொடுக்கலாம். தேய்த்து வழவழப்பாக்கிய மேற்புறத்தையும், சக்கரத்தில் குயவன் விரல் விட்ட வரிகளையும், ஓட்டில் கீறிய குறியீட்டையும் தடவும் பார்வையற்றவர், அப்பானையை வனைந்தவனின் கையசைவையே திரும்பச் செய்கிறார்.

முதற்படியாக, கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்து நடுகற்களில் உறுதியான கல்லும் ஆழமான புடைப்பும் உடைய சிலவற்றைக் காப்பாட்சியரும் சிற்பியும் சேர்ந்து தேர்ந்தெடுக்க, அவற்றுக்கான ஒலி விவரிப்பைக் கல்வெட்டறிஞர் ஒருவரும் பார்வையற்ற ஆசிரியர் ஒருவரும் உடனமர்ந்து எழுத வேண்டும். பார்வையுடையவர் தாமே எழுதி முடித்துக் கடைசியில் காட்டுவது முறையாகாது. படி செதுக்கும்போதும், வாளின் விளிம்பு அம்பிலிருந்து பிரித்தறியப்படுகிறதா, நடுத்தளத்துத் தேவமகளிர் இருவராகவே விரலுக்குத் தோன்றுகின்றனரா என்பதைப் பார்வையற்ற மாணவரும் முதியவரும் தடவிச் சொல்லும் வரை உளி ஓயலாகாது. அத்தேர்வு தேர்ச்சி வேண்டும் பணி. எனவே சிற்பிக்குரிய கூலியைப் போலவே அவர்களுக்குரிய ஊதியமும் திட்டத்தின் முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும்.